சீத்தா மரத்தில் கட்டிய கருவாடு

அக்கா,

கீழ் வீட்டில் இன்றைக்குக் கருவாடு வறுக்கிறார்கள். வாளைக் கருவாடுதான், சந்தேகமே இல்லை. அந்த வாசனை வந்தால் எல்லோருக்கும் சோறு ஞாபகம் வரும். எனக்குத் தலை தானாக மேலே போகிறது. மரம் எங்கே என்று தேடுகிறேன். மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. மருமகள் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, பல்லி கில்லி விழுந்துச்சா?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டியதை அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

நீ போய் இன்னும் முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தால் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நமக்குள் எழுதிக்கொள்ளும் வழக்கமே கிடையாதே. சுவருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். நீ அம்மி அரைக்கிற சத்தத்திலேயே யார் மேல் கோபம் என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் ஐந்தாவதோடு நிறுத்தியவள், நீ பள்ளிக்கூட வாசலோடு நிறுத்தியவள். எழுத்து கோணலாக இருந்தாலும் நீ குறை சொல்ல மாட்டாய் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி மந்தைவெளி வீட்டுக்கு வந்தபோது அறுபதுகளின் கடைசி. என் புருஷனுக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வேலை. முன்பக்கம் முழுக்க வீட்டுக்காரம்மாவும், நாம் ஐயா என்று கூப்பிட்ட அவர் கணவரும் இருந்தார்கள். பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போனால் இரண்டு குடித்தனம். ஒன்றில் நீ, உன் புருஷன், நாலு பிள்ளைகள். ஒன்றில் நாங்கள். அப்புறம் கிணறு, துவைக்கிற கல், விறகுக் கொட்டகை. கொட்டகைக்கும் மதில் சுவருக்கும் நடுவில் அந்தச் சீத்தா மரம்.

மரம் ஒன்றும் பெரியது இல்லை. ஆனால் அதன் பழம் அப்படி. ஆவணி பிறந்தால் காயில் கண் விடும், கண்ணுக்கு நடுவில் வெள்ளை ஓடும். அப்போது பறித்து அரிசி டின்னுக்குள் போட்டு வைத்தால் இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். வீட்டுக்காரம்மா முதல் பழத்தைக் கபாலி கோயிலுக்குக் கொடுப்பார். மற்றதெல்லாம் கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் போகும். ஐயாவுக்கு ஒரு சுளைகூடக் கிடையாது. அவருக்குச் சர்க்கரை வியாதி. ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேச மாட்டார். வீட்டுக்காரம்மா அவருக்குக் காப்பியில் சர்க்கரை போடுவதில்லை, பொங்கலுக்குக்கூட அவர் இலையில் வெல்லம் பட விட மாட்டார். புருஷன் உயிரைத் தன் கையில் பிடித்து வைத்திருக்கிறோம் என்கிற பெருமை அந்த அம்மாவுக்கு.

வீட்டுக்காரம்மா சுத்த சைவம். மீன் சமைக்கக் கூடாது என்ற பேச்சோடுதான் உனக்கு வீடு விட்டார். சாந்தோம் குப்பத்தில் பிறந்த நீ அதற்கு எப்படி ஒத்துக்கொண்டாய் என்று ஒரு தடவை கேட்டேன். "இன்னா பண்றது தங்கச்சி? எத்தினி புள்ளைன்னு கேப்பாங்க. நாலுன்னு சொன்னா கதவ சாத்திருவாங்க. இந்தம்மாதான் கதவ சாத்தாம மீனத் தின்னாதேன்னுச்சு. புள்ளைய வுட மீனு பெருசா?" என்றாய். அதற்குமுன் மூன்று வீடு காலி செய்தவள் நீ. உன் புருஷனுக்கு லஸ் பக்கத்தில் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிற வேலை. நெஞ்சு பலவீனம், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக முடியாது. நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும். இது போனால் ஊருக்கு வெளியே எங்கேயாவதுதான், அப்புறம் அவர் வேலையும் போய்விடும். அது எனக்குத் தெரியும், வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியும்.

நான் வந்த மறுவருஷ ஆவணியில் பழம் காணாமல் போக ஆரம்பித்தது.

"நேத்து சாயங்காலம் கண்ணு விட்டு நின்னுது. இன்னிக்குக் காம்பு மட்டும் நிக்குது. காம்பே பழத்தைத் தின்னுடுச்சா?" என்று வீட்டுக்காரம்மா மரத்தடியில் நின்று சத்தம் போட்டார்.

"அணிலும்மா. நான் கண்ணால பாத்தேன்" என்றாய் நீ.

"அணிலா? ராமரே முதுகைத் தடவிக் கொடுத்த ஜீவன் அது. அது திருடுமா? உன் பையன் பாபு முதுகை யாரு தடவினாங்க?"

பாபு உன் இரண்டாவது பிள்ளை. அப்போது ஒன்பது வயதிருக்கும். அவன் ஏறாத மரமும் சுவரும் அந்தத் தெருவில் கிடையாது, அதனால் எது காணாமல் போனாலும் முதலில் அவன் பெயர்தான். நீ எதிர்த்துப் பேசாமல் வந்து என் வாசற்படியில் உட்கார்ந்தாய். "ராமரு தடவிக் குடுத்தாரு, சரி. பாலம் கட்டி முடிச்சதுக்கு அப்பால அதுக்குப் பசி எடுக்காதா? இன்னாமா பேசுது பாரு" என்று முனகினாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. ஏனென்றால் வீட்டுக்காரம்மா உள்ளே போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "இந்த வருஷம் பழம் ஒழுங்கா என் கைக்கு வரலேன்னா, தீபாவளிக்கு நீங்க வேற வீட்டுல எண்ணெய் தேய்ச்சுக்கோங்க."

அன்றைக்கு ஆரம்பித்தது உனக்கும் அணிலுக்கும் சண்டை. மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் பிரித்துத் தட்டி மரத்தின் அடியைச் சுற்றிக் கட்டினாய். ஏறினால் வழுக்கட்டும் என்று. அணில் என்ன செய்தது? துணிக்கொடியில் சர்க்கஸ்காரி மாதிரி ஓடி வந்து கிளைக்குத் தாவியது. கொடியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டினோம். மதில் சுவரிலிருந்து தாவியது. சுவரை எங்கே அவிழ்த்துக் கட்டுவது?

அப்புறம் ஒவ்வொரு காய்க்கும் பை போடலாம் என்று என் பழைய ரவிக்கைகளை வாங்கிப் போனாய். ரவிக்கைக் கையை வெட்டி ஒரு பக்கம் தைத்தால் பை. எவ்வளவு சுலபம்! காய்க்குக் காய் மாட்டி, காம்போடு சேர்த்து நூல் கட்டினோம். பச்சை, சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது, எல்லாம் மரத்தில் தொங்கியது. "மரத்துக்கு ரவிக்கை போட்டாச்சு. ஒரு பொட்டும் வெச்சிட்டா வாடகை கேக்கும்" என்றாய். இரண்டே நாள். பையைக் கடித்துப் பழத்தைத் தின்றதோடு விட்டதா? கிழிந்த துணியையும் நூலையும் வாயில் கவ்விக்கொண்டு போய்க் கொட்டகை ஓட்டுக்கு அடியில் கூடு கட்டிக்கொண்டது. என் கல்யாண ரவிக்கையின் பச்சைக் கை அந்தக் கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தது. நீ இடுப்பில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். "குட்டிக்குத் தொட்டில் கட்டிக் குடுத்தோம் தங்கச்சி" என்றாய்.

இவ்வளவுக்கும் ஒரு அணிலையும் நீ அடிக்கவில்லை. எலி மருந்து வைக்கலாமே என்று நான் சொன்னதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தாய், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கருவாட்டு யோசனை உன் அம்மா சொன்னது. வலை காய்கிற இடத்தில் அணில் வராது, ஏனென்றால் அங்கே பூனை இருக்கும், வாளைத் தலையைக் கட்டினால் பூனை வரும், பூனை வந்தால் அணில் ஓடும். கணக்கு சரிதான். மரம் யாருடையது என்பதை மட்டும் உன் அம்மாவும் யோசிக்கவில்லை, நீயும் யோசிக்கவில்லை, பக்கத்தில் நின்ற நானும் யோசிக்கவில்லை. குப்பத்திலிருந்து முளைக்கீரைக் கட்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்து, விடியற்காலையில், இலைக்கு நடுவே கருவாட்டுத் தலைகளைக் கட்டினாய். நான் கீழே நின்று சந்து வழியாக யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளச் சைவக்காரர் மரத்தில் கருவாடு கட்டியவள் மைலாப்பூரிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

வெயில் ஏறியதும் நாற்றம் ஏறியது. வீட்டுக்காரம்மா எலி செத்துக் கிடக்கிறதென்று அரிசி மூட்டையை நகர்த்தினார், பரணைத் தேடினார், பினாயில் ஊற்றினார், ஐயாவைச் சாம்பிராணி போடச் சொன்னார். சாம்பிராணிப் புகையும் கருவாடும் சேர்ந்து வந்த அந்த வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. மறுநாள் சுவர் மேல் பூனைகள். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக உட்கார்ந்து எல்லாம் மேலேயே பார்த்தன. பூனைகள் பார்க்கிற திசையில் வீட்டுக்காரம்மாவும் பார்த்தார்.

"ஏம்மா! இங்க வா. என் வீட்டு மரத்துல என்ன காய்ச்சிருக்கு?"

நீ தலையைக் குனிந்துகொண்டு வந்தாய்.

"பழம்மா..."

"பழத்துக்குக் கண்ணும் பல்லும் இருக்கே. மீன் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சமைக்கத்தான் கூடாதுன்னீங்க அம்மா. கட்டக் கூடாதுன்னு சொல்லலியே."

அந்த அம்மா முகத்தில் கோபம் வந்து, சிரிப்பு வந்து, மறுபடி கோபம் வந்ததை நான் சந்திலிருந்து பார்த்தேன். தலைகளை அவிழ்க்க வைத்தார். மரத்தை மஞ்சள் தண்ணீரால் அடி முதல் கிளை வரை கழுவ வைத்தார். இரண்டு நாள் உன் கை மஞ்சளாகவே இருந்தது. ஆனால் பூனைகள் நம்பிக்கையை விடவில்லை. வாசனை போனபிறகும் சுவரில் வந்து வந்து காத்துக் கிடந்தன. அணில் ஒன்றுகூட அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. பழங்கள் ஒழுங்காக அரிசி டின்னுக்குப் போயின. "பாத்தியா, நம்ம ஊரு சரக்கு வேலை செய்யுது" என்று நீ என்னிடம் கண்ணடித்தாய்.

அப்புறம் மறுபடியும் ஒரு பழம் காணாமல் போனது. அடுத்த சில நாளில் இன்னொன்று.

இந்தத் தடவை வீட்டுக்காரம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போடாததுதான் பயமாக இருந்தது. "பூனை இருக்கு, அணில் இல்லே. இப்ப யாரைச் சொல்லுவே?" என்று மட்டும் கேட்டார். நீ நேராகப் போய்ப் பாபுவை இழுத்துக்கொண்டு வந்து, அந்த அம்மா எதிரிலேயே விளக்குமாற்றால் அடித்தாய். அவன் அழவில்லை. "நான் எடுக்கல" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். நீ அடிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் ஐயாதான், "போதும்மா, விடு, போதும்" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

ஏன் அப்படி வந்தார் என்பது மறுவாரம் தெரிந்தது. நல்ல மத்தியானம். வீட்டுக்காரம்மா தூங்குகிற நேரம். நாம் இரண்டு பேரும் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். ஐயா பனியனும் தோளில் துண்டுமாக வந்தார். சுற்றிப் பார்த்தார். நம்மைப் பார்க்கவில்லை. ஒரு பழத்தைக் கிள்ளிக்கொண்டு விறகு மறைவில் போய்க் குந்தினார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார், அக்கா. ஒவ்வொரு சுளையாக, கொட்டையைத் துண்டின் நுனியில் துப்பி முடிந்துகொண்டு. பசிக்குச் சாப்பிடுகிற மாதிரி இல்லை. கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தார்.

கண்ணைத் திறந்தபோது நீ எதிரில் நின்றாய். அவர் கையிலிருந்த தோலைத் துண்டுக்குள் மறைக்கப் பார்த்தார். நீ அவரைத் திட்டுவாய், பாபுவுக்கு விழுந்த அடியைச் சொல்லிக் கேட்பாய் என்று நான் நினைத்தேன்.

"வாயத் தொடச்சிக்கோ ஐயா. மீசைல கீது" என்றாய்.

அவர் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் குதித்தேன். வா, இப்போதே போய் அந்த அம்மாவை எழுப்பிச் சொல்லலாம், வீடு நமக்கு நிலைத்தது என்றேன். நீ மறுபடியும் கீரைக்கே போனாய்.

"சொல்லு, போயி சொல்லு. மொதல்ல நம்பாது. நம்ப வெச்சிட்டன்னே வெச்சுக்கோ. தன் புருசன் வெறகு மறைவுல குந்திகினு திருடித் தின்னதப் பாத்தவள எந்தப் பொம்பளையாச்சும் வூட்டுல வெச்சுக்குவாளா? அவரு மூஞ்சப் பாக்க சொல்லோல்லாம் நம்ம மூஞ்சி நெனப்பு வரும். எனுக்கு வேண்டியது வூடு தங்கச்சி. நாயம் இல்ல."

"அப்ப பாபு?"

நீ நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாய். அப்புறம் கேட்டாய். "இந்த அணிலுங்கல்லாம் எங்க போயி தொலஞ்சிச்சுங்க?"

விரட்டுவது கஷ்டம் என்று நினைத்தோமே, கூப்பிடுவதுதான் கஷ்டம். டின் தகட்டைப் பிரித்துப் போட்டாய். கொடியைப் பழைய இடத்திலேயே கட்டினாய். பூனைகளைத் தண்ணீர் ஊற்றி விரட்டினாய். பிள்ளைகளுக்கு வாங்கித் தராத வேர்க்கடலையை வாங்கி வந்து தினமும் சுவர் மேல் வரிசையாக வைத்தாய். காக்காய்தான் வந்தது. நீ மரத்தடியில் நின்று, "ராமரு புள்ளைங்களா, வாங்கடா, தப்புதான், வாங்கடா" என்று கூப்பிட்டதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்று வந்தது. அப்புறம் அதன் குடும்பமே வந்தது. மரத்தில் கடைசியாக நின்ற பழம் வெடித்து, அதில் ஒரு அணில் தலையை நுழைத்த அன்று, நீ ஓடிப்போய் வீட்டுக்குள் படுத்துக்கொண்டாய். "நீ போயி கூப்புடு. நான் கூப்புட்டா நாடகம்னு நெனச்சிக்கும்" என்று என்னை அனுப்பினாய்.

நான் கூப்பிட்டேன். வீட்டுக்காரம்மா ஈரத் தலையோடு வந்து நின்றார். அணில் அவரைக் கொஞ்சமும் மதிக்கவில்லை. தின்றுகொண்டே இருந்தது. ஒரு கொட்டை அவர் காலடியில் விழுந்தது. பின்கட்டுக் கதவில் ஐயா நின்றார்.

"பார்த்தீங்களா, இதுங்க பண்ற வேலையை!" என்றார் வீட்டுக்காரம்மா.

"பார்த்தேன்" என்றார் ஐயா.

அந்த அம்மா யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் அரிசி டின்னிலிருந்த ஒரு பழத்தைப் பாபுவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். தீபாவளிக்கு நீ அந்த வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டாய்.

மறைவாக ஐயாவிடம் நீ, "இனிமே எடுக்காதே ஐயா, ஒடம்புக்கு ஆவாது" என்று சொன்னாய். அவர் தலையாட்டினார். அதற்கப்புறம் எடுத்தாரா இல்லையா என்று நாம் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாதென்றே மத்தியானம் கிணற்றடிக்குப் போவதை நிறுத்திவிட்டோம். மறுவருஷமும் அதற்கடுத்த வருஷமும் மரம் காய்த்தது. பழம் குறைந்தால் வீட்டுக்காரம்மா அணிலைத் திட்டினார். நாமும் சேர்ந்து திட்டினோம்.

சில வருஷம் கழித்து ஐயாவுக்குக் காலில் ஒரு முள் குத்தியது. ஆறவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை. ஒரு மார்கழியில் போய்விட்டார். அடுத்த நாள் துவைக்கிற கல்லில் துணியை வைத்துக்கொண்டு அடிக்காமல் நின்றாய். என்னக்கா என்று கேட்டேன்.

"அந்தப் பழந்தான் அவரு காலத் தின்னுச்சா தங்கச்சி?"

வியாதி, வயசு, விதி என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். "நான் அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தம்மா மரத்தையே வெட்டிருக்கும். எனுக்கு வூடு போயிருக்கும், அவருக்குக் காலு இருந்திருக்கும்" என்றாய். உன் கையிலிருந்த துணியை வாங்கி நான் துவைத்தேன்.

காரியம் முடிந்ததும் சொல்லியே தீருவேன் என்று கிளம்பினாய். நானும் கூட வந்தேன். முன் அறையில் வீட்டுக்காரம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நீ வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"டாக்டர் சொன்ன நாள்லேருந்து அவர் ஒரு இனிப்பைத் தொட்டதில்லேம்மா. நானும் கொடுக்கல, அவரும் கேக்கல. அவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் கொண்டு போயிட்டான். என் கவனிப்புல குறை இல்லே, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

நீ கீழே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். அப்புறம் சொன்னாய். "ஆமாம்மா. சொல்லு தட்டாத மனுசன்."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "இது நம்ம ரெண்டு பேரோட போவணும்" என்றாய். கையடித்துக் கொடுத்தேன்.

அந்த வாக்கை இப்போது மீறிவிட்டேன், அக்கா. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

உன் காரியத்தன்று, கடைசியில் நீ குடியிருந்த மேற்கு மாம்பலம் வீட்டில், எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் பாபு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தலையெல்லாம் நரைத்துவிட்டது அவனுக்கு. பேரன் எடுத்தாயிற்று. "சித்தி, ஒண்ணு கேக்கணும்" என்றான். "அம்மா சாவுற வரிக்கும் என்னைத் திருடன்னுதான நெனச்சிகினு இருந்துச்சு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"சீத்தாப்பழம் சித்தி. அம்மா கடலை போட்டு அணிலக் கூட்டியாந்தத நான் பாத்தேன். என்னைக் காப்பாத்தத்தான் அப்டி சோடிக்குதுன்னு நெனச்சேன். நான் எடுக்கல. ஆனா நமக்காக அம்மா இவ்ளோ பாடுபடுதே, இப்ப போயி எடுக்கலன்னு மறுபடி எப்டி சொல்றது? அந்தம்மா குடுத்த பழத்தக்கூட நான் தின்னல. வாய்க்குள்ள போவல."

ஒன்பது வயதில் ஏற்றிய சுமை. அறுபது தாண்டியும் இறக்கவில்லை. நாம் அந்த அம்மாவுக்காகவும் ஐயாவுக்காகவும் பார்த்தோம், வீட்டுக்காகப் பார்த்தோம். நடுவில் நின்ற இந்தப் பிள்ளையைக் கவனிக்கவில்லை. நீயும் போய்விட்டாய். அந்த அம்மாவும் போய்விட்டார். இருக்கிறவன் இவன் ஒருவன். சொல்லிவிட்டேன். விறகு மறைவையும், மீசையையும், நீ சொன்ன வார்த்தையையும், எல்லாம்.

"ஐயாவா?" என்றான். "எனுக்கு மாசாமாசம் பென்சில் வாங்கிக் குடுப்பாரு சித்தி. எதுக்குக் குடுக்கறாருன்னே தெரியாம வாங்கிப்பேன்." சிரித்தான். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். முதுகு குலுங்கியது. நான் தடவிக் கொடுத்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டான். உன் பிள்ளை அல்லவா, கேட்காமல் இருப்பானா? "அவரு காலு போனதும் அந்தச் சக்கரையாலதான? அம்மாவுக்கு அது மனசுல உறுத்திகினு இருந்துச்சா சித்தி?"

"உங்கம்மா அப்படியெல்லாம் யோசிக்கிறவளாடா?" என்றேன். "எப்பவோ மறந்துட்டா."

நம்பிவிட்டான். தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து, பந்திப் பாய்களைச் சுருட்டப் போனான். நீ துவைக்கிற கல்லில் கேட்டதை அவனுக்குக் கொடுக்கவில்லை, அக்கா. அதற்கு எனக்கும் பதில் தெரியாது. அது என்னிடமே இருக்கட்டும்.